கிட்டப் போய் எய்த இஷி

1911 ஆகஸ்ட் 29. வட கலிபோர்னியாவின் ஓரோவில் நகரத்தருகே, மாடறுக்கும் கொட்டில் ஒன்றில் பசியால் மெலிந்த ஒருவர் பிடிபட்டார். குடியேறிகள் யாஹி இனத்தைக் கொன்று தீர்த்தபின், எஞ்சிய சிலருடன் காட்டில் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து, கடைசியில் தனித்துப் போனவர். தன் பெயரை அவர் சொல்லவேயில்லை. அவருடைய மொழியில் மனிதன் எனப் பொருள்படும் ‘இஷி’ என்பதே பெயராயிற்று.

சான்பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கி, அங்கேயே துப்புரவு வேலை செய்தார். சத்திரசிகிச்சை நிபுணரான சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்வித்தை பழகினார்.

ஒளிந்து வாழ்பவர்களைத் துப்பாக்கிச் சத்தம் காட்டிக்கொடுக்கும், வில் காட்டிக்கொடுக்காது. ஆனால் வில்லுக்கு இரை கிட்ட வேண்டும். வேட்டைக்கு முதல்நாள் இஷி புகைக்கமாட்டார், மீன் உண்ணமாட்டார்; விடியலில் ஓடையில் குளிப்பார். மானுக்கு மனித வாடை எட்டக்கூடாது. பாடம்செய்த மான்தலையை அணிந்து புதருக்குள்ளிருந்து மானைக் கிட்ட வரவைப்பார்.

இதற்குக் காரணம் உண்டு. அம்பு இரத்தக்குழாய்களை வெட்டியே கொல்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்து விரைவில் விழும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் வதைபடும். நேரெதிரே நின்றால் நெஞ்செலும்பு தடுக்கும். தூரம் கூடக் கூட அம்பு போய்ச்சேருமுன் மான் அசைந்துவிடும்.

1916 மார்ச் 25இல் காசநோய் இஷியைக் கொண்டுபோனது. போப் 1923இல் எழுதிய வில்வேட்டை நூல் அவரிடம் கற்றதைப் பரப்பியது. இன்று வில்லெடுப்பவர்களும் அதே கணக்கைத்தான் போடவேண்டும்: இடம் தெளிவாகத் தெரியாவிட்டால், எய்யாமல் திரும்புவதே நியாயம்.