தாய் தரும் கவசம்
குன்றிமணியை வைத்து உண்மை கண்ட டாக்டர்

குறிஞ்சிப்பாடியில் நெசவாளர்கள் நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். ஜெர்மனியில் ஒருவர் உடம்பின் அணுக்களுக்கே சாயம் ஏற்றிப் பார்த்தார்! அவர்தான் டாக்டர் பவுல் எர்லிக்.

இவர் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ந் தேதி பிறந்தார். காசநோய்க் கிருமிக்குச் சாயம் ஏற்ற நல்ல வழி கண்டார். பிறகு தமது சளியிலேயே அந்தக் கிருமி இருக்கக் கண்டார்! எகிப்துக்குச் சென்று தங்கி, உடல் தேறித் திரும்பினார்.

சுண்டெலிச் சோதனை

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணிக்குள் கொடிய விஷம் உண்டு. ஆமணக்கு விதையிலும் உண்டு. 1891ஆம் ஆண்டு எர்லிக் இந்த விஷங்களைச் சுண்டெலிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினார். பிறகு அதிக விஷம் கொடுத்தும் அவை சாகவில்லை. எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது!

அந்தச் சக்தி குட்டிக்கும் வருமா? எர்லிக் குட்டிகளை மாற்றி விட்டார். சாதாரண எலியின் குட்டி, சக்தி பெற்ற எலியிடம் பால் குடித்தது. அதற்கும் சக்தி வந்தது! தகப்பனிடமிருந்து வரவில்லை. தாய் கொடுத்ததும் நாளடைவில் குறைந்து மறைந்தது. இதை 1892ஆம் ஆண்டு வெளியிட்டார்.

1908ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ந் தேதி காலமானார்.

தாய்மார் கவனத்துக்கு

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடி வழியாகவே, அதுவும் கடைசி மூன்று மாதத்தில்தான், அதிகம் சேருகிறது. முடக்குவாதம், குடல் அழற்சி நோய் ஆகியவற்றுக்கு இன்று கொடுக்கப்படும் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற மருந்துகளும் அதே வழியில் குழந்தையிடம் போகின்றன. அவை எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. பிறந்த பின்னும் பல மாதங்கள் குழந்தையின் இரத்தத்தில் தங்கக்கூடும்.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். அதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி. மற்றக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது நன்மையே செய்யும். ஆனால் இந்த மருந்து உடம்பில் தங்கிய குழந்தைக்கு ஆபத்தாகலாம். அப்படி ஒரு குழந்தை இறந்த செய்தி 2010ஆம் ஆண்டு மருத்துவ ஏட்டில் வெளியானது.

ஆகவே, இம்மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்பவர் பிரசவ ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உயிருள்ள கிருமி மருந்துகளை எப்போது கொடுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்வார். தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது. நோய் முற்றினால் தாய்க்கும் சேய்க்கும் கேடு.

தாயிடம் உள்ளது சேய்க்கும் போகும். சுண்டெலியை வைத்து எர்லிக் காட்டிய உண்மை இது.