ஆட்டுக்கு ஊசி போட்ட லூயி பாஸ்டர்

பாஸ்டர்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் பால் காய்ச்சுறதும் வெறிநாய்க்கடி ஊசியும்தான் ஞாபகம் வரும். ஆனா அவருக்கு ஊரறியப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆடுங்கதான்! அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

லூயி பாஸ்டர் 1822 டிசம்பர் 27-ல் பிரான்சு நாட்டில் தோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தொழிலும் தோல் பதனிடுறதுதான் (சிரிக்காதீங்க, நிஜம்). சின்ன வயசுல நல்லா படம் வரைவார். பரீட்சையில் வேதியியல்ல சுமாரான மார்க்குதான். அப்புறம் அதே வேதியியலில் பேராசிரியர் ஆனார். அவருடைய ஐந்து பிள்ளைகளில் மூன்று பெண்கள் 1859-க்கும் 1866-க்கும் நடுவில் இறந்துபோனார்கள். அதில் இரண்டு பேர் டைபாய்டு காய்ச்சலில். 1868-ல் அவருக்கே பக்கவாதம் வந்து இடது கை கால் சரியா வராமல் போச்சு. அதுக்குப் பிறகும் பெரிய வேலையெல்லாம் செய்தார்!

அந்தக் காலத்தில் அடைப்பான் நோய் ஆடு மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. காலையில் மேய்ந்த ஆடு சாயங்காலம் இருக்காது. இந்த நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று 1876-ல் ஜெர்மனியின் ராபர்ட் காக் காட்டினார். செத்த ஆட்டைப் புதைச்ச இடத்தில் அந்தக் கிருமியின் வித்து பல வருஷம் சாகாமல் கிடக்கும். மண்புழு அதை மேலே கொண்டு வருதுன்னு பாஸ்டர் சொன்னார். இந்த நோயில் செத்த ஆட்டை அறுக்கக்கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கணும்னு சொல்றது இதனால்தான்.

கிருமியைப் பலவீனமாக்கி உடம்புக்குள் செலுத்தினால் நோய் வராது என்றார் பாஸ்டர். கால்நடை மருத்துவர் ரோசிஞோல் நம்பவில்லை. எல்லாருக்கும் முன்னால செஞ்சு காட்டுங்கன்னு சவால் விட்டார். புயீ லெ ஃபோர் கிராமத்தில் அவர் பண்ணையிலேயே பந்தயம். 1881 மே 5-ல் 24 செம்மறி ஆடு, 1 வெள்ளாடு, 6 மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். மே 17-ல் இரண்டாவது ஊசி. இன்னொரு 24 செம்மறி, 1 வெள்ளாடு, 4 மாடுகளுக்கு ஒண்ணும் போடலை. மே 31-ல் எல்லாத்துக்கும் கொடிய கிருமியையே ஏத்திட்டாங்க.

மறுநாள் ஊசி போட்ட ஆடு ஒண்ணுக்குக் கடும் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் பாஸ்டர் பதறிப்போய் உதவியாளர் ரூ மேல கோபப்பட்டார். பெரிய விஞ்ஞானிக்கும் ரிசல்ட் பயம் உண்டு போல! ஜூன் 2-ல் கூட்டம் கூடியது. ஊசி போடாத 21 செம்மறியும் வெள்ளாடும் செத்துக் கிடந்தன. மீதி மூணும் அன்றைக்கே செத்தன. ஊசி போட்டதெல்லாம் நின்னுச்சு. அதில் ஒரு சினை ஆடு மட்டும் மறுநாள் செத்தது. வயித்துக்குள்ள குட்டி முன்னாடியே செத்ததுதான் காரணம்னு அறுத்துப் பார்த்தவங்க சொன்னாங்க.

இதில் ஒரு ரகசியம் இருக்கு. கிருமியைக் காற்றில் வைத்துப் பலவீனமாக்கியதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அன்று போட்டது அவர் உதவியாளர் ஷாம்பெர்லான் ரசாயனம் சேர்த்துச் செய்த மருந்து. துலூஸ் ஊர் கால்நடை மருத்துவர் துசேன் 1880-லேயே ரசாயனத்தால் தடுப்பு மருந்து செய்திருந்தார். பாஸ்டர் வாயே திறக்கலை. 1964-ல் அவர் பேரன் குறிப்பு நோட்டுகளைப் பாரிசு தேசிய நூலகத்துக்குக் கொடுத்த பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் படித்தார்கள். 1995-ல் கெய்சன் எழுதிய புத்தகத்தால் இது ஊரெல்லாம் தெரிஞ்சது. எனக்கு இது சரியாப் படலை. துசேனுக்கும் பேர் கிடைச்சிருக்கணும். ஆனா அந்த மருந்து ஆடுகளைக் காப்பாத்தினதும் நிஜம்தான்.

1885-ல் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட்டார். 1895 செப்டம்பர் 28-ல் காலமானார்.

அவருடைய ஆட்களில் நொக்கார் என்பவர் கால்நடை மருத்துவர். ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே, தொடை இடுக்கில் சீழ்க்கட்டி வருதே, அதை உண்டாக்குற கிருமியை 1888-ல் ஒரு மாட்டின் உடம்பிலிருந்து முதலில் பிரித்தவர் இவர்தான். 1891-ல் ஹங்கேரியின் பிரைஸ் அதையே ஆட்டிலும் கண்டார். அந்தக் கட்டிக்கும் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி வந்தது. அடைப்பானுக்கு இப்போ போடுறது பாஸ்டர் மருந்து இல்லை, 1930-களில் தென்னாப்பிரிக்காவில் ஸ்டெர்ன் கண்டுபிடித்த வகை. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும் அடைப்பான் மருந்து தயாரிக்கிறாங்க.