தேசாந்திரி சிவம்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டி, தியாகி சுப்பிரமணிய சிவாவின் பெயரோடு பிரிக்க முடியாதவாறு இணைந்துவிட்ட ஊர். அவர் அவ்வூரில் பிறந்தவரல்லர்; வளர்ந்தவரும் அல்லர். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் பிறந்தவர். 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த பி.ஆர். ராஜமையரும் அவ்வூரினரே. சிவாவின் தந்தையார் பெயரும் ராஜம் ஐயர்தாம். ஆனால் அவர் வேறு, நாவலாசிரியர் வேறு. நாவலாசிரியர் சிவாவைவிடப் பன்னிரண்டே ஆண்டு மூத்தவர்.

தெற்கே பிறந்த ஒருவர் வடமேற்கு எல்லையில் உள்ள ஒரு சிற்றூரை இறுதி இருப்பிடமாகக் கொண்டது எவ்வாறு என்று வினவினால், அதற்கு விடை அவருடைய பயணங்களில் இருக்கிறது. சிவாவைப் பேச்சாளர் என்பர், வ.உ.சி.யின் தோழர் என்பர். இதழாசிரியர் என்றும் கூறுவர். இவை யாவும் உண்மையே. எனினும் இவை எல்லாவற்றுக்கும் அடியில் அவர் ஒரு வழிப்போக்கர். தாம் நடத்திய இதழ்களுள் ஒன்றுக்கு அவர் 'இந்திய தேசாந்திரி' என்று பெயரிட்டது தற்செயலன்று.

முதலில் அவரை ஊர்விட்டு ஊர் செலுத்தியது வறுமை. மதுரையில் தொடங்கிய படிப்பு திருவனந்தபுரத்தில் தொடர்ந்தது. திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைச் சோறே அங்கு அவருக்குத் துணை. வழிச்செல்வோர்க்கென ஏற்பட்ட அவ்வுணவுச் சாலையில் உண்டு பயின்ற பிள்ளை, பின்னாளில் பிறர் இட்ட சோற்றை உண்டு நாடெங்கும் திரியக் கூச்சப்படாததில் வியப்பில்லை. கோயம்புத்தூரிலும் சில காலம் படித்தார். சிவகாசியில் காவல்துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது, அது நிலைக்கவில்லை.

1906ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஆரிய சமாஜத்தார் ஒருவருடைய சொற்பொழிவைக் கேட்டது முதல் அவர் நாட்டுப்பணிக்கு உரியவரானார். இளைஞர்களைச் சேர்த்துத் தரும பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பை நிறுவினார். மறு ஆண்டே சமஸ்தானத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கையில் பொருளில்லை, உடன் செல்லப் படையுமில்லை. ஊர் ஊராக நடந்தார். நின்ற இடத்தில் பேசினார். திருநெல்வேலிச் சீமை வழியாகத் தூத்துக்குடி சென்றடைந்தார். மேடை அமைத்து, தலைவர் முன்மொழிந்து, நன்றியுரையோடு முடியும் கூட்டங்களில் வளர்ந்த பேச்சன்று அது. சந்தைக்கு வந்தவன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுவிட்டுப் போகக்கூடிய பேச்சு. நிற்கின்றவனை நிறுத்தி வைக்க வேண்டுமாயின் சொல் சுருங்க வேண்டும், சூடும் இருக்க வேண்டும். நெடுவழி அவருக்குக் கற்பித்த முதற்பாடம் இதுவே எனலாம்.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரின் துணையைப் பெற்றார். சுதேசிக் கப்பல் கண்டவரின் இல்லம் இந்த நாடோடிக்கு இடம் கொடுத்தது. கடற்கரையில் நாள்தோறும் கூட்டம், பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதன் வெற்றி, மார்ச் 12ஆம் நாள் கைது. யாவும் சில வாரங்களுக்குள் நிகழ்ந்தன. அவ்வழக்கில் இன்றும் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார். சிதம்பரனாருக்கு விதித்ததோ அரசத் துரோகப் பேச்சுக்காக இருபதாண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றோர் இருபதாண்டு. பேசியவனுக்குப் பத்து, அவனுக்கு ஆதரவு தந்தவனுக்கு இருபது என்பது அந்நீதியின் கணக்கு. வழிவந்தவர்க்குத் திண்ணையும் சோறும் தருவதை அறமெனக் கொண்ட மண்ணில், விருந்தோம்பல் அவ்வளவு பெரிய குற்றமாக எண்ணப்பட்ட நாள் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவா 1912ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் விடுதலை பெற்றார்.

சிறை அவரைத் தனியே அனுப்பவில்லை. தொழுநோயை உடன் அனுப்பியது. அந்நோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் அதனை வெல்லும் மருந்து 1940களில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நீரடிமுத்து எண்ணெயைத் தவிர நோயாளிக்குப் பெரிதாக எதுவும் இல்லை. முப்பது வயது நிரம்பாத சிவாவின் முன் இருந்தது அந்த இருண்ட இடைக்காலம்.

எனினும் அடுத்த சில ஆண்டுகள் அவருடைய எழுத்து செழித்த காலமாகும். 1913ஆம் ஆண்டில் சென்னையில் 'ஞானபானு' இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைபட்டிருந்த பாரதியார்க்கும் வ.வே.சு. ஐயர்க்கும் அவ்விதழ் இடம் தந்தது, சிதம்பரனாரும் எழுதினார். பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' வெளிவந்தது அதில்தான். வடசொல் கலவாத தமிழில் கட்டுரை எழுதுவோர்க்கு ஐந்து ரூபாய் பரிசளிப்பதாக 1915ஆம் ஆண்டில் சிவா அவ்விதழில் அறிவித்தார். தனித்தமிழ் இயக்க வரலாறு எழுதுவோர் மறைமலையடிகளிடம் தொடங்குவது வழக்கம்; காவியுடையும் வேதாந்தமும் விரும்பிய இவருடைய ஐந்து ரூபாயையும் அதில் சேர்த்துக்கொள்ளல் தகும். பின்னர் 'பிரபஞ்ச மித்திரன்' வந்தது. நாடகமும் நாவலும் ஆன்மிக நூல்களுமாக அவர் எழுதியவை பல. இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. பணமில்லை என்பதே காரணம்.

துறவு பூண்டு சுதந்திரானந்தர் என்னும் பெயரையும் ஏற்றார். நாடு சுற்றுவோர்க்குக் காவியைவிடச் சிறந்த பயணச்சீட்டு இம்மண்ணில் இல்லை. மடமும் சத்திரமும் கோயில் மண்டபமும் அதற்குக் கதவு திறக்கும். ஆனால் 1921ஆம் ஆண்டில் சிறை மீண்டும் அழைத்தபோது காவி காப்பாற்றவில்லை. நோய் முற்றியிருந்ததால் தண்டனைக்காலம் முடியுமுன் வெளியே வந்தார்.

அவர் வாழ்வின் கடுமையான பகுதி அதன் பின்னர்த்தான். தொற்றுநோயுடையார் தனி அனுமதியின்றிப் புகைவண்டியில் ஏறுவதை 1890ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. நோயைக் காரணம் காட்டி அரசு சிவாவுக்குப் புகைவண்டிப் பயணத்தைத் தடுத்தது. ஊர் ஊராய்ச் சென்று பேசுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிட நுட்பமான வாய்ப்பூட்டு வேறில்லை. பேசாதே என்று தடையிட்டால் மக்கள் சினப்பர். நோயாளி வண்டியேறலாகாது என்றால் உடன் பயணம் செய்வோரே அதற்கு உடன்படுவர்.

சிவா நடந்தார். நடக்க இயலாதபோது மாட்டுவண்டியில் சென்றார். மதுரைக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையே 300 கிலோமீட்டர் இருக்கும். நாளொன்றுக்குப் பதினைந்து கல் கடக்கும் வண்டிக்கு அது பன்னிரண்டு நாள் வழி. மாடு ஓய்வு கேட்டால் இன்னும் கூடும். கோடையில் பகலில் மாட்டைப் பூட்ட முடியாது. இரவுப் பயணமே ஏற்றது. இரும்புப் பட்டையிட்ட சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் புண்ணுடலுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நடை இன்னும் இடர் மிக்கது. தொழுநோய் பாதத்தின் உணர்ச்சியைப் போக்குவது. முள் தைத்தாலும் கால் அறியாது, இரவு விளக்கொளியில் கண்தான் அறிய வேண்டும். வலி என்பது வழிநடப்பவனுக்கு எத்தகைய காவல் என்பதை அதனை இழந்தவரே உணர்வர்.

இத்தனைக்கும் தருமபுரிக்கு அப்போது இருப்புப்பாதை இருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிவரை 1906ஆம் ஆண்டில் குறுகிய பாதை போடப்பட்டு, பின்னர் ஓசூர்வரை நீண்டு, 1941ஆம் ஆண்டு வரை வண்டி ஓடியது. சிவா பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் கண்ட ஆண்டுகளிலும் அவ்வண்டி புகை விட்டுக்கொண்டு போய்வந்தது; அவருக்காக நிற்கவில்லை.

அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாப்பாரப்பட்டியில் அவருக்கு அன்பர்கள் வாய்த்தனர். அவர்களுள் தியாகி சின்னமுத்து முதலியார் முதன்மையானவர். அவர்கள் துணையால் நிலம் வாங்கிப் பாரதாசிரமம் அமைத்தார். சாதி சமய வேறுபாடின்றி யாவரும் வழிபடப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்புவது அவருடைய பெருங்கனவு. 1923ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். வங்கத்துப் பெருந்தலைவர் ஒருவரை இச்சிற்றூருக்கு வரச்செய்தது ஓர் ஏழைத் துறவியின் அழைப்பு என்பதை இப்பகுதி மக்கள் பெருமையோடு நினைக்கலாம்.

கல் நாட்டியபின் பணம் வேண்டும். பணத்துக்கு மீண்டும் பயணமே வழி. ஓய்ந்திருக்க வேண்டிய உடலோடு சிவா மறுபடியும் புறப்பட்டார். சொற்பொழிவு, நாடகம் என்று ஊர்தோறும் நிதி திரட்டினார். கோயில் எழும்பும் அளவுக்கு அது சேரவில்லை.

1925ஆம் ஆண்டின் கோடை அவருடைய தோழர்களை வரிசையாகக் கொண்டுசென்றது. ஜூன் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் பாபநாச அருவியில் மறைந்தார். அம்மாதம் 16ஆம் நாள் டார்ஜிலிங்கில் சித்தரஞ்சன் தாஸ் காலமானார். ஜூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் சிவாவின் உயிர் பிரிந்தது. நாற்பத்தோராம் அகவை நிறைவதற்கு அப்போது இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தன.

1965ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அடிக்கல் நாட்டி ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டில், பாப்பாரப்பட்டியில் பாரத மாதா நினைவாலயம் திறக்கப்பெற்றது. இன்று தருமபுரியிலிருந்து அங்குச் செல்லப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.