மரத்தில் பூ பூக்க வைத்தவர்

ரோட்டரி டூல் வாங்கியாச்சு, பர் செட்டும் வந்தாச்சு. அடுத்து எந்த மரத்துல ஆரம்பிக்கிறதுன்னு யாரைக் கேட்டாலும் பாஸ்வுட்னுதான் சொல்வாங்க. அது ஏன்னு புரியணும்னா, 350 வருஷம் பின்னாடி லண்டன் பக்கம் போகணும். அங்கே ஒருத்தர் இந்த மரத்தோட ஐரோப்பியச் சொந்தக்காரனை வச்சு பூ, இலை, மீன், பறவைன்னு செதுக்கித் தள்ளினார். அவர் கிரின்லிங் கிப்பன்ஸ்.

1648ல் ராட்டர்டாமில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். கிட்டத்தட்ட 19 வயதில், அதாவது நம்ம செகண்ட் இயர் வயசுல, இங்கிலாந்து வந்தார். கொஞ்ச காலம் கழித்து லண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டில் ஒரு கூரைவீட்டை வாடகைக்குப் பிடித்து, யார் தொந்தரவும் இல்லாமல் செதுக்கிக்கொண்டிருந்தார். 1671 ஜனவரியில் அந்தப் பக்கமாக நடந்து வந்த ஜான் ஈவ்லின் என்ற அறிஞர் தற்செயலாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே, இயேசு சிலுவையில் அறையப்படும் காட்சி. டின்டொரெட்டோவின் ஓவியத்தைப் பார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களோடு மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தார் அந்த இளைஞர்.

அசந்துபோன ஈவ்லின், அந்த வேலையை இரண்டாம் சார்லஸ் மன்னரிடமே கொண்டுபோனார். மன்னருக்குப் பிடித்தது. ஆனா கூட இருந்த ஒரு பெண்மணி குறை சொன்னதும் ராணி வாங்காமல் விட்டுவிட்டார். அவ்வளவு உழைப்பும் அப்படியே திரும்பி வந்தது. 100 பவுண்டு கேட்ட அந்த வேலை, பிறகு வேறொருவருக்கு 80க்குத்தான் போச்சு.

கிப்பன்ஸ் அதோட உட்கார்ந்துடல. கூட்டமான மனித உருவங்களை விட்டுட்டு, தன் கைக்கு வந்த பூ, பழம், இலைகள் பக்கம் திரும்பினார். விண்ட்சர் கோட்டை, செயின்ட் பால் தேவாலயம், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகம்னு வேலை குவிந்தது. 1693ல் அரச குடும்பத்தின் தலைமைச் செதுக்கு கலைஞரானார். லேஸ் துணியில் செய்யும் கழுத்துப்பட்டையைக்கூட மரத்திலேயே செதுக்கினார். அவர் 1721ல் இறந்து பல வருஷம் கழித்து, 1769ல், ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்றார்!

இதை எல்லாம் எப்படிச் செய்தார்? முதல் காரணம் மரம். அவர் எடுத்தது லைம்வுட். எலுமிச்சை மரம் இல்லைங்க, லிண்டன் என்ற வேறு மரம். நம்ம பாஸ்வுட் அதோட அமெரிக்க உறவு. இழை நெருக்கமா, சீரா இருக்கும். எந்தப் பக்கம் வெட்டினாலும் சிதறாது.

இரண்டாவது காரணம் வரிசை. முன்பக்கத்தை முழுசா உருவாக்குற வரைக்கும் பின்னாடி மரத்தைக் கனமா விட்டுவைப்பார். அந்தத் தாங்கல் இருக்கிறதால இதழ் உடையாது. கடைசியில்தான் பின்னாலிருந்து குடைந்து, இதழை மெல்லிசாக்குவார். ஆழம் போதலைன்னா, தனித்தனிப் பலகையில் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்.

1986ல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தீ. கிப்பன்ஸ் செதுக்கிய ஏழடி நீள வேலைப்பாடு ஒன்று எரிந்துபோனது. அதைத் திரும்பச் செய்ய டேவிட் எஸ்டர்லி என்ற அமெரிக்கச் செதுக்கு கலைஞருக்கு ஒரு வருஷம் பிடித்தது. தீயில் தப்பிய மரங்களில் இருந்த நுண்ணிய கீறல்களைப் பார்த்து, கிப்பன்ஸ் தண்டில் சிலிக்கா உள்ள ஒரு செடியைத்தான் உப்புத்தாள் மாதிரி தேய்க்கப் பயன்படுத்தினார் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நம்ம கையில இருக்கிற டூல் நிமிஷத்துக்கு 30,000 சுற்று சுத்தும். கிப்பன்ஸிடம் இருந்தது உளியும் பொறுமையும் மட்டும்தான். ஆனா வரிசை இன்னைக்கும் அதேதான். முதல்ல பென்சிலால் வரைங்க, பின்னணியை இறக்குங்க, முன்பக்கத்தை முடிங்க, மெல்லிசாக்கும் வேலையைக் கடைசிக்கு வைங்க. பர்ரை அழுத்தாதீங்க, மரம் கருகும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

முதல் இதழ் உடைஞ்சா கவலைப்படாதீங்க. அரண்மனை வரைக்கும் போய்த் திரும்பி வந்த அந்த முதல் வேலை, இன்னைக்கு இங்கிலாந்தில் டன்ஹாம் மாஸி மாளிகையில் பத்திரமா இருக்கு.