சூரியன் திரும்பும் நாளைக் கண்ட வராகமிகிரர்

மாளவ நாட்டில் சிப்ரா நதிக்கரையில் இருக்கிறது உஜ்ஜயினி. வான சாஸ்திரத்துக்குப் பேர்போன நகரம். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்த பெரியவர் வராகமிகிரர்.

அவருடைய தந்தை ஆதித்யதாசர். சூரியனுக்கு அடியவர் என்பது அந்தப் பெயரின் பொருள். தந்தையே மகனுக்குக் குரு. மகனும் சூரிய பக்தர்.

விக்கிரமாதித்தன் சபையின் நவரத்தினங்களில் அவரும் ஒருவர் என்பார்கள். அது கர்ண பரம்பரைக் கதை. ஐந்து வான சாஸ்திர முறைகளைத் தொகுத்து, பஞ்ச சித்தாந்திகை என்ற நூலை அவர் எழுதினார். அதன் கணக்கு கி. பி. 505-இல் தொடங்குகிறது.

நிற்கும் ராசி, நகரும் ராசி

பிருகத் ஜாதகம் என்ற அவருடைய சோதிட நூல் இன்றும் சோதிடர்கள் கையில் இருக்கிறது. மேஷம், கடகம், துலாம், மகரம் ஆகியவை சர ராசிகள். அதாவது, நகரும் ராசிகள். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் ஆகியவை ஸ்திர ராசிகள், நிலைத்து நிற்பவை. மற்ற நான்கும் உபய ராசிகள்.

இப்படிப் பிரித்தது ஏன்? அலெக்சாந்திரியாவில் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி காரணம் கூறியிருக்கிறார். சர ராசிகளில் பருவம் மாறும். அடுத்து வரும் ஸ்திர ராசிகளில் வெயிலோ குளிரோ உறுதியாக நிலைபெறும். உபய ராசிகளில் ஒரு பருவம் முடிந்து மற்றொன்று நெருங்கும்.

கிரேக்கர்களின் சோதிட அறிவை வராகமிகிரர் மதித்தார். அயலார் என்று ஒதுக்கவில்லை. அவர்களுடைய சொற்களையும் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

முன்னோர் சொல்லா, கண்ட காட்சியா?

சூரியன் தெற்கே திரும்புவது ஆயில்ய நட்சத்திரத்தின் நடுவில். வடக்கே திரும்புவது அவிட்டத்தின் தொடக்கத்தில். பழைய சாஸ்திரம் இப்படிச் சொன்னது. வராகமிகிரர் காலத்திலோ, கடகத்தின் தொடக்கத்திலும் மகரத்தின் தொடக்கத்திலும் அது திரும்பியது. வித்தியாசம் 23 பாகைக்கும் அதிகம்!

முன்னோர் சொல்லை மறுப்பதா? கண்ணால் கண்டதை மறைப்பதா? அவர் இரண்டையும் செய்யவில்லை. முன்பு அப்படி இருந்திருக்க வேண்டும், இப்போது இப்படி இருக்கிறது என்று பிருகத் சம்ஹிதையில் எழுதினார். சோதித்துப் பார்க்க வழியும் சொன்னார். தொலைவில் ஓர் அடையாளம் வைத்து, சூரியன் உதிக்கும் இடத்தையோ மறையும் இடத்தையோ கவனிக்கலாம். அல்லது பெரிய வட்டம் வரைந்து நடுவில் குச்சி நட்டு, நிழல் உள்ளே வரும் இடத்தையும் வெளியே போகும் இடத்தையும் குறிக்கலாம்.

அவர் அஞ்சியது நடந்தது

ஆனால் அவர் சோதிடரும் அல்லவா? மகரத்தை எட்டுமுன் சூரியன் திரும்பினால் தீங்கு வரும் என்றும் எழுதிவைத்தார்.

அவர் அஞ்சியது நடந்தே விட்டது. இப்போது சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். பஞ்சாங்கப்படி அப்போது அது தனுசு ராசியில்தான் இருக்கிறது. மகரத்தில் நுழைவது ஜனவரி 14 அல்லது 15-இல். அதுவே நாம் பொங்கல் கொண்டாடும் தை முதல் நாள்.

இதனால் தீங்கு எதுவும் இல்லை. சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோல் பூமியின் அச்சும் வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். அதனால் சூரியன் திரும்பும் இடம் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்குகிறது.

இந்தக் காரணத்தை வராகமிகிரர் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டிய குச்சியும் நிழலும் இன்றும் பொய் சொல்வதில்லை. அவருடைய கணக்கையே திருத்தும் வழியை அவரே நமக்குக் கொடுத்துச் சென்றார். அறிஞருக்கு அழகு அதுதான்.