எல்.கே.ஜி.யில் இருக்கும் ‘கே.ஜி.’ யார் கொடுத்தது? விளையாட்டைப் பாடமாக்கிய ஃப்ரோபெல் கதை

மூணு வயசுக் குழந்தைக்கு ‘இன்டர்வியூ’, நாலு வயசில் ஹோம்வொர்க், அஞ்சு வயசில் டியூஷன். எல்லாமே நமக்குப் பழகிப்போச்சு. ஆனால், எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அந்த ‘கே.ஜி.’ எங்கிருந்து வந்தது?

கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்தான் அது. ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று அர்த்தம். 1840-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். புத்தகமும் பரீட்சையும் இல்லாமல், விளையாட்டின் வழியே குழந்தை தானாகக் கற்கும் இடம் என்பதுதான் அவர் கற்பனை. அதற்கு ஓர் அரசாங்கம் தடைகூடப் போட்டது!

தாயில்லாப் பிள்ளை

1782 ஏப்ரல் 21 அன்று ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில், ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் பிறந்தார் ஃப்ரோபெல். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா பாதிரியார், ஊர்ப் பொறுப்புகளே அவருக்குச் சரியாக இருந்தன.

மாற்றாந்தாய் முதலில் பாசமாகத்தான் இருந்தார். தனக்கென்று ஒரு மகன் பிறந்ததும் நிலைமை மாறியது. வீட்டுப் பிள்ளையை ‘நீ’ என்று உரிமையோடு அழைத்தவர், வெளி ஆளை அழைப்பதுபோல அழைக்கத் தொடங்கினார். அந்தச் சின்ன மாற்றம் ஃப்ரோபெல் மனதில் ஆறாத வடுவானது. படிப்பிலும் அவர் கெட்டிக்காரர் இல்லை. வீட்டுத் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த மலையும்தான் துணை. பத்து வயதில் தாய்மாமா தன் வீட்டுக்கு அழைத்துப் போன பிறகே அவர் வாழ்க்கையில் வெளிச்சம் வந்தது.

காடு, கடன், கல்

15 வயதில் வனக் காவலர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். பிறகு யேனா பல்கலைக்கழகம். அங்கே அண்ணனுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராததால் கடனாளியாகி, ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருந்தார். 1805-ல் கட்டிடக்கலை படிக்க ஃபிராங்க்ஃபர்ட் போனவருக்கு, எதிர்பாராமல் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. இதுதான் தன் வேலை என்பது வகுப்பறைக்குள் நுழைந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போது வயது 23.

அந்தக் காலத்தில் கல்வியில் புதுமை செய்தவர் என்று ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டவர், சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோஸி. மனப்பாடத்தைவிட, பார்த்தும் தொட்டும் கற்பதே சரி என்றவர். அவருடைய பள்ளியில் 1808 முதல் இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்றுக்கொண்டார் ஃப்ரோபெல்.

அடுத்து நெப்போலியனுக்கு எதிரான போரில் தன்னார்வப் படைவீரர். போர் முடிந்ததும் பெர்லினில் கனிமக் கற்கள் அருங்காட்சியகத்தில் உதவியாளர். படிகங்கள் ஏதோ ஒரு ஒழுங்கில் உள்ளிருந்து வளர்வதைப் பார்த்துப் பார்த்து, அவருக்குள் ஓர் எண்ணம் பிடிபட்டது. குழந்தையும் அப்படித்தானே? வடிவம் உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தினால் அது உடையும். ஆசிரியரின் வேலை செதுக்குவது இல்லை, தோட்டக்காரர்போல வளர இடம் கொடுப்பது.

பள்ளிக்கு முன்பே ஒரு பள்ளி

1816-ல், இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள் உட்பட ஒரு சில சிறுவர்களோடு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு அது கெயில்ஹாவ் கிராமத்துக்கு மாறியது. 1826-ல் மனிதக் கல்வி பற்றிய தன் முக்கியமான நூலை வெளியிட்டார். பிறகு சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் பணி. அங்கே புர்க்டோர்ஃப் அனாதை இல்லத்தை நடத்தியபோது, மிகச் சின்னக் குழந்தைகளோடு பழகினார். ஏழு வயதில் பள்ளிக்கு வரும்போதே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் அங்கேதான் உறுதியானது.

1837-ல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் ஊரில், 55 வயதில், சின்னக் குழந்தைகளுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, மலைப்பாதையில் நண்பர்களோடு நடந்து போகும்போதுதான் கிண்டர்கார்டன் என்ற பெயர் அவருக்குத் தோன்றியதாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன?

அவர் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களுக்கு ‘பரிசுகள்’ என்று பெயர். முதல் பரிசு, ஆறு நிறங்களில் கம்பளி நூல் பந்துகள். இரண்டாவது, மரத்தில் செய்த உருண்டை, கனசதுரம், உருளை. கனசதுரத்தை நூலில் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் உருளைபோலத் தெரியும். குழந்தைக்கு இது மேஜிக், கூடவே வடிவியலும்!

மூன்றாவது பரிசு, எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். பிரிக்கலாம், நாற்காலியாக அடுக்கலாம், மறுபடி சேர்க்கலாம். பாதி, கால், அரைக்கால் எல்லாம் பெயர் தெரிவதற்கு முன்பே கைக்குப் பழகிவிடும். இதோடு காகித மடிப்பு, களிமண், பாட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தோட்டம்.

சின்ன வயதில் இந்தக் கட்டைகளோடு விளையாடியதைத் தன் தொழிலின் அடித்தளமாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குப் புதுசு. சின்னக் குழந்தைகளைக் கவனிக்கும் வேலைக்குப் பெண்களை முறையாகப் பயிற்சி கொடுத்து ஆசிரியராக்க வேண்டும் என்றார். அதற்கான வகுப்புகளையும் நடத்தினார்.

தடை வந்தது

கிராமத்துப் பிள்ளைகளோடு பாடி, ஆடி விளையாடும் கிழவரைப் பைத்தியம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அரசாங்கத்துக்கோ வேறு பயம். 1848-ல் ஜெர்மனியில் வெடித்த புரட்சி அப்போதுதான் அடக்கப்பட்டிருந்தது. கார்ல் ஃப்ரோபெல் என்ற அவருடைய அண்ணன் மகன் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, கிண்டர்கார்டன் நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகிறது என்று சொல்லி, 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு தடை விதித்தது. பாதிரியார் மகனும் பக்தருமான ஃப்ரோபெலுக்கு இது பேரிடி. விளக்கம் கொடுத்தும் பலனில்லை.

1852 ஜூன் 21 அன்று, 70-வது வயதில் அவர் இறந்தபோது தடை அப்படியே இருந்தது. 1860-ல்தான் நீக்கப்பட்டது. அவரது கல்லறையின் மேல் நிற்பது ஒரு கனசதுரம், அதன் மேல் உருளை, உச்சியில் உருண்டை. அதே இரண்டாவது பரிசு!

பெயர் பரவியது, விளையாட்டு?

அவரிடம் பயின்றவர்களும் ஆதரவாளர்களும் இந்த முறையை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஜெர்மன் பேசும் குழந்தைகளுக்காக மார்கரெத்தே ஷூர்ஸ் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார்.

ஆனால், பரவியபோது ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. பரிசுகளை எந்த வரிசையில் கொடுப்பது என்று ஃப்ரோபெலே விரிவாக எழுதிவைத்திருந்தார். பின்னால் வந்த பலர் அதை அப்படியே சட்டமாக்கினார்கள். எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே மாதிரி வைக்க வேண்டும்! விளையாட்டு டிரில் ஆகிப்போனது. ஜான் டூயி போன்ற கல்வியாளர்கள் இதை விமர்சித்து, பொருளைவிடக் குழந்தையின் ஆர்வம்தான் முக்கியம் என்று வாதாடினார்கள்.

ஆக, ஒரு பள்ளியில் கலர் கலராகப் பொம்மை இருப்பதாலேயே அது கிண்டர்கார்டன் ஆகிவிடாது. அடுத்த முறை அட்மிஷனுக்காகப் பள்ளி பார்க்கப் போகும்போது, சிலபஸ் என்ன என்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ஒரு நாளில் எவ்வளவு நேரம், என்ன விளையாடுவது என்பதை என் குழந்தை தானே முடிவு செய்யும்? பதில் ஒரு மணி நேரமாவது இருந்தால், ‘கே.ஜி.’ என்ற பெயருக்கு அங்கே கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது.