சிறகு பெற்ற நிக்கல்

பொன்னை நெருப்பிலிட்டு மாசு நீக்கும் கலை மிகப் பழமையானது. ஆனால், ஓர் உலோகத்தை வளிமமாக்கிப் பறக்கவிட்டு, மீண்டும் உலோகமாகவே பிடித்துத் தூய்மை செய்ய இயலுமா? இயலும் என்று காட்டியவர் லுட்விக் மாண்ட் என்னும் வேதியியல் மேதை.

ஜெர்மனியின் காசல் நகரில், 1839 ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் மாண்ட். மார்பர்க்கில் கோல்பேயிடமும் ஹைடல்பர்க்கில் புன்சனிடமும் வேதியியல் பயின்றார். ஆயினும் பட்டம் பெறாமலே ஆலைகளை நாடிச் சென்றார். 1862 இல் இங்கிலாந்து சேர்ந்தார். 1873 இல் ஜான் பிரன்னர் என்ற நண்பருடன் கூட்டுச் சேர்ந்து, விண்ணிங்டனில் சால்வே முறைப்படி சோடா தயாரிக்கும் ஆலையை நிறுவினார். தொடக்கத் தொல்லைகளைக் கடந்து ஆலை தழைத்தது.

அம்மோனியம் குளோரைடிலிருந்து குளோரினைப் பெறும் முயற்சியில்தான் அந்தப் புதிர் தோன்றியது. ஆய்வகத்தில் நன்றாக உழைத்த நிக்கல் வால்வுகள், ஆலையில் கறுத்துக் கரி படிந்து கெட்டன. வேறொருவராயின் வால்வை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். மாண்ட் காரணத்தைத் தேடினார். ஆலையில் பயன்பட்ட கரியமில வாயுவில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. குற்றவாளி அதுவே!

லாங்கர், குவின்கே ஆகிய உதவியாளர்களுடன் ஆய்வு தொடர்ந்தது. சூடான நிக்கல் தூளின்மீது கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினர். அது நச்சு வாயு ஆதலால், வெளியேறும் வாயுவை எரித்துவிடுவது வழக்கம். கருவி குளிரத் தொடங்கியதும், மங்கிய நீலச் சுடர் திடீரெனப் பிரகாசமடைந்தது. வாயு செல்லும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினால், உட்புறத்தில் கண்ணாடிபோல் உலோகம் படிந்தது. அது நிக்கலே! இவ்வாறு நிக்கல் கார்பனைல் 1890 இல் உலகுக்கு அறிமுகமாயிற்று.

இதன் நுட்பம் எளியது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசில் நிக்கல் கார்பன் மோனாக்சைடுடன் சேர்ந்து ஆவியாகிறது. கூடவே இருக்கும் செம்பும் கோபால்ட்டும் அந்நிலையில் அசைவதில்லை, கசடாகப் பின்தங்கிவிடுகின்றன. அந்த ஆவியை 200 டிகிரி அளவில் சூடாக்கினால் அது பிரிந்து, 99.9 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட தூய்மையுள்ள நிக்கல் படிகிறது. விடுபட்ட வாயுவோ மீண்டும் வேலைக்குத் திரும்புகிறது. மாண்ட் உலோகத்திற்குச் சிறகு தந்தார் என்று அறிஞர்கள் வியந்ததில் வியப்பென்ன?

1900 இல் மாண்ட் நிக்கல் கம்பெனி தோன்றியது. கனடா நாட்டுத் தாதுவிலிருந்து கிடைத்த நிக்கலைத் தூய்மை செய்ய, வேல்சு நாட்டின் கிளைடாக்கில் ஆலை எழுந்தது. ஆனால் நிக்கல் கார்பனைல் கொடிய நஞ்சு. 1902 இல் அந்த ஆலையின் தொழிலாளர் சிலர் அதற்குப் பலியாயினர். தூய உலோகத்திற்குக் கொடுக்கப்பட்ட இந்த விலையை நாம் மறக்கலாகாது. ஆய்வகத்தில் ஒரு குப்பியளவில் அடங்கும் பொருள், ஆலையளவில் பெருகும்போது அதன் ஆபத்தும் பெருகும் என்பது வேதியியல் பயிலும் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதிக்க வேண்டிய பாடம்.

ஈட்டிய செல்வத்தை மாண்ட் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய கொடையால் 1896 இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி-ஃபாரடே ஆய்வகம் திறக்கப்பட்டது. அவர் திரட்டிய ஓவியங்கள் பல, ரஃபேலின் படைப்பு உட்பட, லண்டன் தேசிய ஓவியக் கூடத்திற்குச் சேர்ந்தன. 1909 இல் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! சோதனை எதிர்பார்த்தபடி வராதபோது குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது எளிது. ஏன் வரவில்லை என்று கேட்பதே அறிவியல். கெட்டுப்போன ஒரு வால்வைக் கேள்வி கேட்டவர், ஒரு புதிய தொழிலையே கண்டார்.